துரியோதனன் முகத்தில் காணாமற்போன கோடுகள்: ஒரு புதிய வீடியோ கேமராவைப் பழகிய கதை

"தம்பி, இரண்டு மணி நேரம் உட்கார்ந்து நான் எழுதிய கோடு எங்கே?"

கூத்து வாத்தியார் இதைக் கோபமாகக் கேட்கவில்லை. மடிக்கணினியின் திரையை உள்ளங்கையால் ஒருமுறை துடைத்தார். மறுபடியும் குனிந்து பார்த்தார். அதன் பிறகுதான் கேட்டார். திரையில் துரியோதனன் வேடத்தில் அவரே நின்றிருந்தார். கிரீடமும் புஜக்கட்டைகளும் பளபளத்தன. முகம் மட்டும் ஆரஞ்சு நிறத்தில் ஒரே பரப்பாக இருந்தது. புருவத்துக்கு மேலே ஒன்றன்பின் ஒன்றாக அவர் வைத்திருந்த வெள்ளைப் புள்ளிகள் ஒன்றோடொன்று கலந்து திட்டாகிப்போயிருந்தன. கன்னத்தில் வளைந்து இறங்கும் மெல்லிய கோடுகள் இருந்த சுவடே இல்லை.

வாங்கி எட்டே நாள் ஆன கேமராவில் எடுத்த பதிவு அது. அந்தக் கேள்விக்கு ஒழுங்காகப் பதில் சொல்ல எனக்குப் பத்து வாரங்கள் ஆயின. அந்தப் பத்து வாரத்தில் என்ன செய்தேன், எது தவறு, எது பலித்தது என்பதை இங்கே எழுதிவைக்கிறேன்.

பின்னணி

செய்யாறு, வந்தவாசி, காஞ்சிபுரம் வட்டாரத்துத் திரௌபதி அம்மன் கோயில்களில் பாரதத் திருவிழா என்றால் பகலில் பாரதச் சொற்பொழிவு, இரவில் கூத்து. கதை நாளுக்கு நாள் நகர்ந்து, பாரதப் போரின் கடைசி நாளான பதினெட்டாம் போரில் வந்து முடியும். அந்த விடியலில், திடலில் மண்ணால் பிடித்துப் படுக்கவைத்த மிகப் பெரிய துரியோதனன் உருவத்தைச் சுற்றி, அவன் வீழ்வதை நடித்துக் காட்டும் படுகளம் நடக்கும். அன்று மாலை தீமிதி. செய்யாறு அருகில் உள்ள புரிசை தெருக்கூத்தாலேயே உலகறிந்த ஊர். நான் பதிவு செய்துவருவது அந்த அளவுக்கு வெளியே தெரியாத ஒரு குழுவை. வார நாட்களில் கணக்கு எழுதுவது என் பிழைப்பு. விடுமுறை இரவுகளில் இந்தக் குழுவின் பின்னால் போவது பதினோரு ஆண்டுகளாக நடக்கிறது.

இத்தனை காலமும் கையில் இருந்தது ஒரு சிறிய கைக்கேமரா. ஒளியைப் படமாக மாற்றும் அதன் உருவச்சில்லு மிகச் சிறியது. இரவுக் காட்சி எல்லாம் புள்ளி புள்ளியாக இரையும். மூன்று ஆண்டுகள் சேமித்து சோனி எஃப்எக்ஸ்30 வாங்கினேன். 2022 இல் வெளிவந்த இந்தக் கேமராவில் ஏபிஎஸ்-சி எனப்படும் பெரிய அளவுச் சில்லு இருக்கிறது. 4கே படத்தைப் பத்து பிட் ஆழத்தில், 4:2:2 நிறத் தகவலோடு, அதாவது நிற நுணுக்கங்கள் அதிகம் தங்கும்படி, உள்ளேயே பதிவு செய்யும். உள்ளே காற்றாடி ஓடுவதால் நீண்ட நேரப் பதிவுக்கு ஏற்றது. பேட்டரியும் கார்டும் சேர்த்து 646 கிராம். கண்ணில் வைத்துப் பார்க்கும் வியூஃபைண்டர் கிடையாது, பின்புறத் திரையில்தான் பார்க்க வேண்டும். லென்ஸ், சிக்மாவின் 18-50 மி.மீ. எஃப்/2.8 (எஃப் எண் லென்ஸ் துவாரத்தின் அளவைச் சொல்வது).

இப்படிப்பட்ட கேமரா கைக்கு வந்ததும் நாம் அனைவரும் செய்வதைத்தான் நானும் செய்தேன். கையேட்டைப் படித்தேன். தெருவில் போகும் நாயையும் பூத்தொட்டியையும் எடுத்துப் பார்த்து மகிழ்ந்தேன். எட்டாம் நாள், சித்திரை மாதத்தில் ஓர் இரவு, கூத்துக்குக் கொண்டுபோனேன். படம் பிரமாதமாக வந்திருக்கிறது என்ற நம்பிக்கையோடுதான் விடியற்காலையில் பஸ் ஏறினேன்.

அந்த இரவு நடந்தது

வீட்டில் பெரிய திரையில் ஓடவிட்டபோது குறைகள் ஒவ்வொன்றாக வெளிவந்தன. முதலாவது, படம் முழுவதும் கிடைமட்டமாகக் கருமையான பட்டைகள் நகர்ந்துகொண்டிருந்தன. இரண்டாவது, வாத்தியார் கேட்ட முகம். மூன்றாவதுதான் என் நெஞ்சை அறுத்தது: திரைப் பிரவேசத்தில் ஃபோகஸ் தவறியிருந்தது.

கூத்தைப் பார்த்தவர்களுக்குத் தெரியும், பெரிய வேடம் சபைக்குள் சும்மா நடந்து வந்துவிடாது. இருவர் ஒரு துணியைப் பிடித்துக்கொள்வார்கள். அதற்குப் பின்னால் நின்று வேடக்காரர் பாடுவார், ஆடுவார், கிரீடத்தின் நுனியை மட்டும் காட்டுவார். சலங்கைச் சத்தம் கேட்கும். பார்ப்பவர்களின் மூச்சு அந்தத் துணியிலேயே கட்டுண்டு நிற்கும். பிறகு துணி விலகும். அந்த ஒரு நொடிக்காகத்தான் ஊரே விழித்திருக்கிறது. என் பதிவில் துணியின் நெசவு இழை இழையாகத் தெரிகிறது. துணி விலகியதும் துரியோதனன் மங்கலாக நிற்கிறான். கேமரா அவனைத் தேடுகிறது, கிடைக்கவில்லை. பிறகு முன்வரிசையில் உட்கார்ந்திருந்த ஒரு சிறுமியின் முகத்தில் போய் நின்றுவிடுகிறது.

இதில் கேமராவின் பிழை எதுவும் இல்லை. மனித முகம் தெரிந்தால் அதைப் பிடி என்று நான்தான் அதனிடம் சொல்லியிருந்தேன். சிவப்பும் வெள்ளையும் கருப்புமாக எழுதப்பட்டு, கிரீடத்துக்கும் கன்னக்கட்டுக்கும் நடுவில் புதைந்திருந்த வாத்தியாரின் முகம் அதற்கு முகமாகத் தெரியவில்லை. அரிதாரம் இல்லாத சிறுமியின் முகம் தெரிந்தது.

மண்சட்டிச் சோதனை

கேமராவைப் பழகுவதற்குப் பொதுவான பயிற்சிகள் நிறையச் சொல்லப்படுகின்றன. எனக்கு அவற்றால் பெரிய பயன் கிடைக்கவில்லை. எனக்கு வேண்டியிருந்தது ஒன்றே ஒன்று: இருட்டுத் திடலில், டியூப்லைட்டுக்கும் எல்இடி ஃபோகஸ் விளக்குக்கும் கீழே, கிரீடத்தின் கண்ணாடித் துண்டுகளுக்கு நடுவில் ஒரு சிவப்பு முகம். வாத்தியாரை ஒவ்வொரு நாளும் அரிதாரம் பூசிக்கொண்டு வந்து நிற்கச் சொல்ல முடியாது. ஆகவே சந்தையில் ஒரு மண்சட்டி வாங்கினேன். அதைக் கவிழ்த்துச் சிவப்புச் சாயம் பூசினேன். அரிசி மாவைக் குழைத்து ஈர்க்குச்சியால் புள்ளியும் கோடும் வைத்தேன். உடைந்த முகக்கண்ணாடியைத் துண்டுகளாக்கி அட்டையில் ஒட்டி மேலே கிரீடமாகச் செருகினேன். மொட்டை மாடியில், பின்னால் கருப்புப் போர்வை கட்டி, நான்கு மீட்டர் தள்ளிக் கேமராவை நிறுத்தினேன். விதி ஒன்றுதான்: ஓர் இரவில் ஒரே ஒரு அமைப்பை மட்டும் மாற்றுவது, மற்றவை அசையக் கூடாது.

முதல் இரவிலேயே பட்டைகளின் ரகசியம் அவிழ்ந்தது. நம் ஊர் மின்சாரம் நொடிக்கு 50 சுற்று. ஒவ்வொரு சுற்றிலும் மின்னோட்டம் இருமுறை உச்சத்துக்குப் போய் இறங்குவதால் சோக் வைத்த பழைய டியூப்லைட்டும் மலிவான எல்இடி விளக்கும் நொடிக்கு 100 முறை கூடிக் குறைகின்றன. கண்ணுக்கு அது தெரியாது. ஷட்டர், அதாவது ஒவ்வொரு ஃபிரேமும் ஒளியை வாங்கும் நேரம், 1/50 நொடி என்றால் ஒவ்வொரு ஃபிரேமிலும் சரியாக இரண்டு ஏற்ற இறக்கம் அடங்கும். 1/100 என்றால் சரியாக ஒன்று. 1/60 இல் ஒன்றேமுக்காலுக்குச் சற்றுக் குறைவாக அடங்கும், மிச்சம் பட்டையாக விழும். வெளிநாட்டுப் பயிற்சி வீடியோக்களைப் பார்த்துப் பழகிய கை, கேமராவை அமெரிக்க முறைக்கு மாற்றி, நொடிக்கு 30 ஃபிரேம், 1/60 ஷட்டர் என்று வைத்திருந்தது. அங்கே மின்சாரம் 60 சுற்று, அவர்களுக்கு அது பொருந்தும். நமக்கு 25 ஃபிரேம், 1/50 ஷட்டர். நொடிக்கு 24 ஃபிரேம்தான் வேண்டும் என்று பிடிவாதமாக இருப்பவர்களும் ஷட்டரை மட்டும் 1/50 இல் வைத்தால் பட்டை வராது. இதையும் சட்டியில் சோதித்துவிட்டேன்.

முகத்தின் கதை இன்னும் ஆழமானது. பதிவோடு சேர்ந்திருந்த தகவலைப் பார்த்தபோது, துரியோதனன் சபையில் நிற்கையில், ஒளிக்கான உணர்திறனைக் குறிக்கும் ஐஎஸ்ஓ எண் 10000 வரை ஏறியிருந்தது. நான் தானியங்கியில் விட்டிருந்தேன். சட்டகத்தில் முக்கால் பங்கு இருட்டு. கேமரா அந்த இருட்டையும் சேர்த்துச் சராசரி பார்த்து, "வெளிச்சம் போதவில்லை" என்று முடிவு செய்து, முகத்தை ஏறத்தாழ இரண்டு ஸ்டாப் அளவுக்கு, அதாவது நான்கு மடங்கு, கூடுதலாக வெளுக்க வைத்துவிட்டது.

அப்படியானால், வெளிச்சம் அதிகமான இடத்தில் கேமராத் திரையில் ஓடிக் காட்டிக்கொடுக்கும் ஸீப்ரா என்ற வரிக்கோடுகள் ஏன் முகத்தில் வரவில்லை? இந்தக் கேள்வியில் நான்கு இரவுகள் போயின. விடை நிறக் கணக்கில் இருந்தது. ஸீப்ரா பார்ப்பது பிரகாசத்தை மட்டும். இன்றைய உயர்தெளிவுக் காணொளியின் தரக் கணக்கில் பிரகாசத்தில் பச்சைக்கு 72 சதவீதப் பங்கு, சிவப்புக்கு 21 சதவீதம், நீலத்துக்கு 7 சதவீதம். ஆகவே தூய சிவப்பு தன் உச்சியைத் தொட்டு, அதற்கு மேல் விவரமே இல்லாமல் தட்டையாகிப்போனாலும், பிரகாசக் கணக்கில் அது வெறும் 21 சதவீதம்தான். ஸீப்ரா எச்சரிக்காமல் இருந்ததில் வியப்பில்லை. சட்டியில் ஸ்டாப் ஸ்டாப்பாக வெளிச்சத்தை ஏற்றிப் பார்த்தேன். முதலில் சட்டியின் உருட்சி மறைந்தது. அடுத்து சிவப்பு ஆரஞ்சாயிற்று. அதற்கடுத்த ஸ்டாப்பில் மாவுப் புள்ளிகள் வீங்கி ஒன்றை ஒன்று தொட்டன. வாத்தியாரின் முகத்தில் நடந்தது அப்படியே என் கண்முன் சட்டியில் நடந்தது. விடியும் வரை தூக்கம் வரவில்லை.

இதற்குப் பிறகு எஸ்-லாக்3 முறைக்கு மாறினேன். ஒளியின் ஏற்ற இறக்கங்களை மடக்கிச் சுருட்டிப் பதிந்துகொண்டு, பிறகு கணினியில் விரித்துக்கொள்ளும் முறை அது. பதிவு செய்யும்போது படம் சாம்பல் பூத்ததுபோல் இருக்கும், அதைக் கண்டு பயப்படக் கூடாது. இந்தக் கேமராவுக்கு எஸ்-லாக்3 இல் இரண்டு அடிப்படை ஐஎஸ்ஓ: 800, 2500. இரண்டாவதைப் பற்றிப் படித்திருந்தாலும் நம்பவில்லை. 800, 1250, 1600, 2000, 2500, 3200 என்று வரிசையாக, சட்டியின் நிழல் பக்கத்தை எடுத்துப் பார்த்தேன். 800 இலிருந்து 2000 வரை இரைச்சல் படிப்படியாக ஏறுகிறது. 2500 இல் சட்டென்று அடங்குகிறது. 2000 ஐவிட 2500 சுத்தமாக இருப்பதைக் கண்ணால் பார்த்த பிறகு, இரவுக் கூத்துக்கு 2500 ஐத் தவிர வேறு எண்ணை நான் தொடுவதில்லை. கூட்டியோ குறைத்தோ ஆக வேண்டுமானால் லென்ஸின் துவாரத்தில்தான்.

அளவுகோலாக ஒரு வேட்டி

அடுத்த சிக்கல், திடலில் வெளிச்சத்தை எதை வைத்து அளப்பது என்பது. சாம்பல் நிற அட்டையை வைத்து அளப்பதே முறை. எஸ்-லாக்3 இல், விழும் ஒளியில் 18 சதவீதத்தைத் திருப்பும் அந்தச் சாம்பல், பதிவின் பிரகாச அளவில் 41 சதவீதத்தில் உட்கார வேண்டும். ஆனால் ஆட்டம் நடந்துகொண்டிருக்கும்போது சபைக்குள் நுழைந்து அட்டை பிடிப்பது அவமரியாதை, அதைச் செய்ய மாட்டேன். மனிதத் தோலை வைத்து அளக்கலாம் என்றால் இங்கே தோலே தெரியாது. கிரீடத்தின் கண்ணாடித் துண்டுகள் எப்படியும் வெடித்து வெளுக்கும். அவை விளக்கின் நேர் பிரதிபலிப்பு, அவற்றைக் காப்பாற்றப் போனால் முகம் இருண்டுவிடும்.

தீர்வு சபையிலேயே உட்கார்ந்திருந்தது. பின்பக்கப் பெஞ்சில் ஆர்மோனியக்காரர், மிருதங்கக்காரர், முகவீணைக்காரர். ஆர்மோனியக்காரர் ஒவ்வோர் இரவும் வெளுத்த வெள்ளை வேட்டியில்தான் வருவார். எஸ்-லாக்3 இல் 90 சதவீத வெண்மை 61 சதவீத அளவில் பதிய வேண்டும். வேட்டி அந்த அளவுக்கு வெள்ளை இல்லைதான், நடைமுறைக்கு அது போதும். ஸீப்ரா கோடுகள் 60 சதவீதப் பிரகாசத்தில் மட்டும் வரும்படி, இரு பக்கமும் சிறு இடைவெளி விட்டு அமைத்தேன். அவருடைய முழங்கால் மடிப்பில் கோடுகள் ஓடினால் வெளிச்சம் சரி. ஒரு ஸ்டாப், ஒன்றரை ஸ்டாப் அதிகமாகவே எடுக்கச் சொல்லும் அறிவுரை பரவலாக இருக்கிறது. பகலில் அது நல்ல அறிவுரை. இரவுத் திடலில் அவ்வளவு ஒளிக்கு எங்கே போவது? 2500 இல் சரியான அளவில் எடுத்தாலே சட்டியின் கோடுகள் தெளிவாக நின்றன.

விளக்கின் நிறம் எதுவானாலும் வெள்ளையை வெள்ளையாகக் காட்டும் வெள்ளைச் சமநிலையையும் தானியங்கியிலிருந்து விலக்கினேன். முதல் இரவில் சிவப்புத் திரைத்துணி சட்டகத்தை நிறைத்தபோதெல்லாம் கேமரா அதை ஈடுகட்ட முயன்று, பின்னால் இருந்தவர்களின் சட்டைகளை நீலம் பாயவைத்திருந்தது. இப்போது ஆட்டம் தொடங்கும் முன், விளக்குக்குக் கீழே வெள்ளைத் தாளை வைத்து ஒருமுறை அமைத்துவிட்டால், விடியும் வரை அதை மாற்றுவதில்லை.

திரை விலகும் நொடி

ஃபோகஸுக்கான பயிற்சி மாடியிலும் நடந்தது, தெருவிலும் நடந்தது. மைத்துனரின் இரண்டு பிள்ளைகளைப் போர்வை பிடிக்கவைத்து, சட்டியைப் பின்னால் வைத்து, போர்வையை விலக்கச் சொல்லி நாற்பது முறையாவது எடுத்திருப்பேன். தானியங்கி ஃபோகஸ் எவ்வளவு வேகமாக மாற வேண்டும், எவ்வளவு சீக்கிரம் பழைய பொருளைக் கைவிட வேண்டும் என்பதற்குத் தனித்தனி அமைப்புகள் இருக்கின்றன. வேகத்தைக் கூட்டினால் துணி விலகியதும் சட்டியைப் பிடித்துவிடுகிறது. ஆனால் நடுவில் யாராவது கையை நீட்டினால் அதன் மேலும் தாவுகிறது. அந்த ஒரு நொடியை அதனிடம் ஒப்படைக்க எனக்கு மனம் வரவில்லை.

கணக்கு கைகொடுத்தது. முதல் இரவில் நான் 50 மி.மீ. வரை நெருக்கியிருந்தேன். நான்கு மீட்டரில், எஃப்/2.8 இல், தெளிவாகத் தெரியும் ஆழம் மொத்தமாகவே முக்கால் மீட்டருக்கும் குறைவு. துணிக்கும் முகத்துக்கும் நடுவே அரை மீட்டர் இருந்தால் போதும், காரியம் கெட்டுவிடும். அதையே 35 மி.மீ. ஆக்கினால் ஏறத்தாழ 3.4 மீட்டரிலிருந்து 4.9 மீட்டர் வரை தெளிவு, ஒன்றரை மீட்டர் ஆழம். துணி, முகம், ஓர் எட்டு முன்னும் பின்னுமான ஆட்டம் எல்லாம் அதற்குள் அடங்கும். நெருக்கமாக எடுக்கும் ஆசையை அந்த நொடிக்கு மட்டும் விட்டுவிட வேண்டும், அவ்வளவுதான். ஃபோகஸைக் கைமுறையில் நான்கு மீட்டரில் நிறுத்திவிட்டு, ஒரு பொத்தானை அழுத்திப் பிடித்திருக்கும் வரை மட்டும் தானியங்கி வேலை செய்யும்படி அமைத்துக்கொண்டேன். திரைப் பிரவேசம் முடிந்த பிறகே விரல் அந்தப் பொத்தானுக்குப் போகும்.

பதினெட்டாம் போர்

ஆனி மாதக் கடைசியில், வேறொரு கிராமத்தில், அதே குழு. இரவு பத்து மணியிலிருந்து விடியல் வரை எட்டு மணி நேரம். நொடிக்கு 140 மெகாபிட் வீதத்தில் ஒரு மணி நேரத்துக்கு 63 ஜிபி ஆகும், முழு இரவுக்கு ஏறத்தாழ 500. ஒரு கார்டு நிறைந்ததும் பதிவு தானாக அடுத்த கார்டுக்குத் தாவும்படி வைத்தேன். மின்சாரத்துக்குப் பெரிய பவர்பேங்க். ஒலியைக் கேமராவிடம் விடாமல், தனி ஒலிப்பதிவுக் கருவியை ஆர்மோனியத்துக்கு அருகில் வைத்து, அளவைக் கையால் நிறுத்தினேன். தானியங்கியில் விட்டால் முகவீணை உச்சத்தில் பிளிறும்போதெல்லாம் பாட்டு அமுங்கிப்போகும்.

இரவு ஒரு மணிக்கு மேல் திரை பிடித்தார்கள். நான் மூச்சை அடக்கிக்கொண்டு நின்றேன். கிரீட நுனி தெரிந்தது. சலங்கை ஒலித்தது. வேட்டியில் ஸீப்ரா ஓடுகிறதா என்று கடைசியாக ஒரு பார்வை. துணி விலகியது. துரியோதனன் தெளிவாக நின்றான்.

எல்லாம் சரியாக நடந்துவிடவில்லை. இரண்டரை மணிக்கு மின்சாரம் நின்று ஜெனரேட்டர் ஓடியது. நாற்பது நிமிடங்களுக்குப் படத்தில் மெல்லிய பட்டை ஒன்று மெதுவாக ஊர்ந்துகொண்டிருந்தது. ஷட்டர் அதே 1/50 தான். ஆனால் சிறிய ஜெனரேட்டரின் சுற்று, சுமைக்கு ஏற்பக் கூடிக் குறைகிறது, சரியாக 50 இல் நிற்பதில்லை. இதற்கு இன்னும் என்னிடம் தீர்வு இல்லை.

விடிந்த பிறகு படுகளம். அதே சிவப்பு முகம், இப்போது வெயிலில். இந்தக் கேமராவுக்குள் ஒளியைக் குறைக்கும் என்டி கண்ணாடி கிடையாது. ஐஎஸ்ஓ 800, ஷட்டர் 1/50, துவாரம் எஃப்/4 என்று நின்றால், உச்சி வெயிலில் எட்டு ஸ்டாப் ஒளியை வெளியிலேயே தடுத்தாக வேண்டும். ஐந்து ஸ்டாப் வரை மட்டும் குறைக்கும் சுழல் என்டி போதாது என்பதைக் கணக்கிட்டு முன்கூட்டியே மூன்று ஸ்டாப் கண்ணாடி ஒன்றும் வாங்கி வைத்திருந்தேன். மண்ணுருவத்தைச் சுற்றிப் பீமனும் துரியோதனனும் ஓடியபோது எழுந்த புழுதியும் கதாயுதத்தின் வீச்சும் வெட்டு வெட்டாகத் துள்ளாமல் இயல்பாக வந்தன.

மூன்று நாள் கழித்து அதே மடிக்கணினியோடு வாத்தியார் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்தேன். திரை விலகும் இடத்தில் நிறுத்தச் சொன்னார். புருவத்து மேல் புள்ளிகளை விரலால் தொடாமல் ஒவ்வொன்றாக எண்ணினார். பதினொன்று இருந்தது. கன்னத்துக் கோட்டைப் பார்த்தார். தலையசைத்தார். பிறகு கண்ணைக் காட்டினார். கிரீடத்தின் நிழல் விழுந்து இரண்டு கண்களும் குழியாக இருண்டிருந்தன.

"கேமராவில் இதைச் சரிசெய்ய முடியாது, ஐயா" என்றேன். "விளக்கு உச்சியில் இருக்கிறது."

"அதைத்தான் சொல்ல வந்தேன். என் சின்ன வயதில் தீவட்டி பிடிப்பார்கள் தம்பி. முகத்துக்கு நேரே இருக்கும். விளக்கு மேலே ஏறியதிலிருந்து கூத்துக்காரன் கண்ணை யாரும் பார்க்கவில்லை."

ஆடி மாதத்தில் அடுத்த ஊர். விழாக் குழுவினரிடம் வாத்தியாரே பேசிவிட்டார். சபைக்கு இரு பக்கமும் ஆளுயரத்துக்குச் சவுக்குக் கம்பு நட்டு, முகத்துக்கு நேரே இரண்டு விளக்குகள் கட்டப்போகிறோம். சட்டி மறுபடியும் மாடி ஏறியிருக்கிறது. இம்முறை அதற்குக் கண்ணும் எழுதியிருக்கிறேன்.